கடற்படைக்கு ஒன்றாம் எண்

இனயம்,
14.1.2008

அன்புள்ள அண்ணே,

இஞ்ஞாசி மாமா வருகிற ஞாயிற்றுக்கிழமை பஹ்ரைனுக்குத் திரும்புகிறார். அம்மா உனக்குக் கொடுத்துவிடும் நெத்திலிக் கருவாட்டுக்கும் ஏத்தங்காய் உப்பேரிக்கும் நடுவில் இந்தக் கடிதம் வரும். மணம் அடித்தால் அம்மாவைத் திட்டு, என்னைத் திட்டாதே. போனில் சொல்லலாம் என்றால் நீ கரைக்கு வந்து கூப்பிடுவதே பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அப்போதும் அம்மா போனை என் காதோடு சேர்த்துத் தன் காதையும் வைத்துக்கொள்கிறாள். அப்பா வாசலில் வலை பார்ப்பதுபோல நின்று எல்லாவற்றையும் கேட்கிறார்.

விஷயம் இதுதான். ராணுவ மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கிவிட்டேன். கருங்கல்லுக்கு டியூஷன் போகிறேனே, அங்கே பிசிக்ஸ் எடுக்கும் எட்சன் சார்தான் இப்படி ஒரு கல்லூரி இருப்பதைச் சொன்னார். படிப்புக்குச் செலவு இல்லை. முடித்ததும் படையில் டாக்டர் வேலை. விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: தரைப்படை, கடற்படை, விமானப்படை. எதில் சேர விருப்பம் என்று ஒன்று, இரண்டு, மூன்று எண் போட வேண்டும். முதலில் பென்சிலால் போட்டுப் பார், யோசித்துவிட்டுப் பேனாவால் எழுது என்றார் சார். பென்சிலை எடுத்ததும் கடற்படைக்கு ஒன்று போட்டுவிட்டேன்.

காரணம் உனக்குத் தெரியும். போன வருஷம் ஜான்ரோஸ் சித்தப்பா படகிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கரைக்கு வர மூன்று நாள் ஆயிற்று. குடல்வால் வெடித்துவிட்டது, ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் சின்ன ஆபரேஷனில் பிழைத்திருப்பார் என்றார்கள். கடலிலேயே ஒரு டாக்டர் இருந்தால் என்ன என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

விண்ணப்பம் போய்ச் சேரக் கடைசி நாள் பிப்ரவரி 29. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை எழுது.

உன் தங்கை,
லிஜா


முஹரக்,
3.2.2008

லிஜாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ டாக்டருக்குப் படிப்பது சந்தோஷம். ஆனால் கடற்படைக்கு ஒன்று போடாதே. தரைப்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு இரண்டு போடு. கடற்படை மூன்றாவது. அதை வெறுமனே விட முடியுமானால் விட்டுவிடு.

கப்பல் பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிப்படாது. மாசக்கணக்கில் கரையைப் பார்க்க முடியாது. உனக்கு வள்ளத்தில் ஏறினாலே தலை சுற்றும், குளச்சல் திருவிழாவுக்குப் போனபோது பார்த்தோமே. பிறகு கல்யாணம் என்று ஒன்று இருக்கிறது.

இன்னொன்று. இந்த எட்சன் சாருக்கு உன் மேல் எதற்கு இவ்வளவு அக்கறை? அவர்கள் சபைப் பிள்ளைகள் டியூஷனில் இல்லையா? கடற்படை என்று எழுதச் சொன்னது அவரா? யார் சொல்லி எழுதினாய் என்பதை மறைக்காமல் எழுது.

உன் கடிதத்தின் ஓரத்தில் சோறு ஒட்டியிருந்தது. கவரில் பசை இருக்கும்போது சோற்றால் ஒட்டுவது யார்? நீயா ஒட்டினாய்? இஞ்ஞாசி மாமாவிடம் கேட்டேன், தான் தொடவில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்கிறார். அவர் சத்தியம் தெரிந்ததுதான்.

அப்பாவிடம் இந்தப் படை விஷயம் எதுவும் பேசாதே.

ஜெனின்


இனயம்,
12.2.2008

அண்ணே,

எட்சன் சாருக்கு ஐம்பத்தாறு வயது. முழங்காலில் வலி, மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று கர்த்தரைக் கூப்பிடுவார். அவர் என்னைத் தரைப்படைக்குத்தான் எழுதச் சொன்னார், அவர் தம்பி அதில் இருந்தாராம். ஆகையால் அவருக்கும் உனக்கும் ஒரே கட்சி. நீ அவருக்கு ஒரு சென்ட் பாட்டில் அனுப்பலாம்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு போடுகிறவள். உன் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். தலை சுற்றுவது எனக்கு ஆறு வயதில். கல்யாணம் பற்றி நீ இதுவரை என்னிடம் பேசியதே இல்லை. கப்பல் சரிப்படாது என்று சொல்கிறவன், எனக்கு நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்லக் கற்றுக்கொடுத்தவன். நீ எழுதியதில் ஒன்றுகூட உன் காரணம் இல்லை. வேறு எதையோ மூடி வைக்கப் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் எடுத்து மேலே போட்டிருக்கிறாய்.

அதனால் சுஜின் அண்ணனிடம் போனேன். நீயும் அவனும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள்தானே. பாலத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் கடற்படை டாக்டருக்கு எழுதப்போகிறேன் என்று சொன்னேன், அவ்வளவுதான். டீயைப் பாதியில் வைத்துவிட்டான். "உங்க அண்ணன்கிட்ட கேட்டியா? அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டான். வேண்டாம் என்கிறான் என்றேன். "அப்போ வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டான். குடித்த டீக்குக் காசும் கொடுக்கவில்லை, கடைக்காரர் என்னைப் பார்க்கிறார்.

கடற்படைக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் என்ன? அப்பாவிடம் பேசாதே என்று ஏன் எழுதினாய்? சொல்லாவிட்டால் அப்பாவிடமே கேட்பேன்.

பென்சிலா பேனாவா, எந்தக் கட்டத்தில் எந்த எண் என்பதை நான் இப்போது உனக்குச் சொல்லப்போவதில்லை. நீ மறைத்தால் நானும் மறைப்பேன்.

கவரை நான் பசையால்தான் ஒட்டினேன். நம் வீட்டில் சோறு எல்லாருக்கும் கிடைக்கும், யாரைச் சொல்வது?

லிஜா


முஹரக்,
22.2.2008

லிஜா,

இதைக் கொண்டு வருகிறவர் நாளை விமானம் ஏறுகிறார். இருபத்துநான்காம் தேதி உன் கையில் இருக்கும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அப்பாவிடம் கேட்காதே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

2001-ல் நான் முதல்முதலாகச் சுறா பிடிக்கப் போகும் பெரிய படகில் ஏறினேன். நாற்பது நாள் தங்கி வரும் தொழில். படகில் ஏற மீனவர் சங்க அட்டை வேண்டும். எனக்கு அட்டை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன், வரவில்லை. நம் கரையில் நடப்பது உனக்குத் தெரியும், ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தன் அவன் அட்டையை எடுத்துக்கொண்டு போவான். நான் அப்பாவின் அட்டையை அவர் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதில் இருந்தது அவருடைய இளவயதுப் படம், உப்புத் தண்ணி பட்டு மங்கிப்போனது. பார்த்தால் நான்தான். அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அந்தப் படகுக்கே விட்டிருக்க மாட்டார்.

தீவுப் பக்கம் மீன் பின்னால் போய்ப் போகக் கூடாத எல்லைக்குள் போய்விட்டோம். நம் நாட்டுக் கடற்படைக் கப்பல்தான் வந்து பிடித்தது. அட்டையைப் பார்த்து ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார்கள். என் முறை வந்தபோது, "தகப்பன் பெயரா உன் பெயரா?" என்று ஒருவர் கேட்டார். என் பெயர்தான் ததேயுஸ் என்றேன். தீவில் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். நாற்பது நாள் தொழில் என்பதால் வீட்டில் யாரும் தேடவில்லை. கோயிலில் நீ முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு நான் வராமல் போனதும், வந்து உனக்கு ஒரு சங்கு கொடுத்துச் சமாளித்ததும் அதுதான். சுஜினும் அந்தப் படகில் இருந்தான்.

இப்போது யோசித்துப் பார். கடற்படையின் ஏட்டில் இனயம் ததேயுஸ் என்று இருக்கிறது. உன் விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் இனயம் ததேயுஸ். கடலில் நடந்தது தரைப்படைக்காரனுக்கும் விமானக்காரனுக்கும் தெரியாது. கடற்படைக்காரனிடம் நீயாகக் கொண்டுபோய் நீட்டாதே. ஒன்றை அழித்து மூன்று போடு. நான் செய்ததற்கு உன் படிப்பு போகக் கூடாது.

ஜெனின்


இனயம்,
2.3.2008

அண்ணே,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை உன்மேல் கோபம் வந்தது. மூன்றாவது தடவை கவரைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் சோறு.

விண்ணப்பத்தை பிப்ரவரி ஆறாம் தேதியே ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன், உன் முதல் பதில் வருவதற்கு முன்னாலேயே. கடற்படைக்கு ஒன்று, பேனாவால். உன் சம்மதம் நிச்சயம் என்று நினைத்தேன். பிறகு நீ வேண்டாம் என்று எழுதியதும், உண்மை வெளியே வரட்டும் என்று சொல்லாமல் இருந்தேன். அது என் கள்ளத்தனம்.

நீ பயந்ததற்கு அர்த்தமும் இல்லை. எட்சன் சாரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். எந்தப் படைக்கு எந்த எண் போட்டாலும் விசாரிக்க வருவது நம் ஊர் போலீஸ்தானாம். இடம் கிடைத்தால் வீட்டுக்கு வந்து குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்களாம். கடல்காரனுக்கு ஒரு ஏடு, கரைக்காரனுக்கு ஒரு ஏடு என்று நீயாக நினைத்துக்கொண்டு என்னை ஒரு மாதம் குழப்பியிருக்கிறாய்.

இப்போது எனக்கு உன்னைவிடக் கவரைப் பிரிக்கிறவர்மேல்தான் சந்தேகம். நீ எழுதியதையெல்லாம் எனக்கு முன்னால் ஒருவர் படித்திருக்கிறார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அப்பாவிடம் கேட்டால், "நான் என்னத்துக்குப் பிரிக்கப் போறேன்" என்கிறார். சுஜின் அண்ணன் இரண்டு தடவை வீட்டுப் பக்கம் வந்தான். ஒரு காரியம் செய். அடுத்த கடிதத்தின் மடிப்புக்குள் அங்கத்து மணல் கொஞ்சம் போட்டு ஒட்டு. பிரித்தவர் மடியில் சிந்தும். இந்தக் கடிதத்தை நானே தபாலில் போடுகிறேன், வீட்டில் யார் கையிலும் படாது.

லிஜா


முஹரக்,
28.3.2008

லிஜா,

மணல் போட்டிருக்கிறேன், ஒரு பிடி. கள்ளனைப் பிடித்தால் சொல்.

அனுப்பியே விட்டாய். இனி என்ன செய்ய? பரீட்சையை நன்றாக எழுது. போலீஸ் வந்தால் நீ ஒன்றும் தெரியாதவளாக இரு. அப்பாவுக்குப் பழைய கதை எதுவும் தெரியாததால் கேஸ் இல்லை என்றுதான் சொல்வார். அவர் சொல்வது உண்மையும்கூட. அப்படியே போய்விட்டால் போகட்டும்.

சுஜினை வீட்டுப் பக்கம் விடாதே. அவன் பயந்தவன்.

ஜெனின்


இனயம்,
2.7.2008

அண்ணே,

பரீட்சையில் தேறியதும் நேர்முகத்தேர்வுக்குப் போய் வந்ததும் போனில் சொன்னேன். போனில் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

நேற்று காலை ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்தார். நல்ல மனிதர், அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். என் பெயர், படிப்பு, வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டார். கடைசியாக, வழக்கமாகக் கேட்பதுபோல, "வீட்டுல யாரு மேலயாவது கேஸ் கீஸ் உண்டுமா?" என்றார். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து நின்றார். "உண்டு சார். ரெண்டாயிரத்து ஒண்ணுல நேவிக்காரன் பிடிச்ச படகுல நான் இருந்தேன். ததேயுஸ், நான்தான்" என்றார்.

ஏட்டுக்கே ஆச்சரியம். அவர் கையில் அப்படி ஒரு தகவலும் இல்லை. சொன்ன பிறகு எழுதாமல் என்ன செய்வார், எழுதிக்கொண்டார். மேலே கேட்டுவிட்டு இரண்டு வாரத்தில் திரும்ப வருகிறேன் என்று போனார். அதுவரைக்கும் என் இடம் தொங்கலில் இருக்கிறது.

அவர் போனதும் நான் அப்பாவிடம் ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து என் புதுநன்மைப் படத்தை எடுத்து வந்தேன். கோயில் வாசலில் வெள்ளைச் சட்டையில் நான், என் தோளில் கைவைத்து அப்பா. படத்தின் மூலையில் ஸ்டூடியோக்காரர் எழுதிய தேதி, 6.5.2001. படகு பிடிபட்டது எந்த மாதம் என்று கேட்டேன். அப்பா படத்தைப் பார்க்கவே இல்லை.

பிறகு அவர் மூக்குக் கண்ணாடி டப்பாவைத் திறந்தேன். உள்ளே மணல். மீன்பிடிக்காரன் டப்பாவில் மணல் இருப்பதில் ஒன்றும் இல்லை, அவர் சட்டைப் பையிலும் இருக்கும். ஆனால் நம் கரை மணல் கருப்பு கலந்தது. டப்பாவில் இருந்தது வெள்ளை மணல். உன் மணல்.

அப்போதுதான் அப்பா பெட்டியைத் திறந்து அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கத்தில் ஊதா மையில் கடற்படையின் முத்திரை, ஒரு கையெழுத்து, 4.5.2001. அந்த வருஷமே பார்த்துவிட்டாராம். மழைக்கால நிவாரணத்துக்குப் போய் அட்டையை நீட்டியபோது எழுத்தர் திருப்பிக் காட்டிக் கேட்டாராம். அப்பா தான்தான் என்று சொல்லிவிட்டு வந்தாராம். நீயாக ஒரு நாள் சொல்வாய் என்று ஏழு வருஷம் காத்திருந்திருக்கிறார். நீ சொல்லவில்லை. விண்ணப்பத்தில் நான் கடற்படைக்குப் பென்சிலால் போட்ட ஒன்றைப் பார்த்ததும் பயந்துபோய் நம் கடிதங்களைப் பிரிக்கத் தொடங்கியிருக்கிறார். நாம் இரண்டு பேரும் ஊர் முழுவதும் கள்ளனைத் தேடினோம்.

ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அவன் கண்டுபிடிக்கதுக்கு முன்ன நாமளே சொன்னா நல்லதுண்ணு நெனச்சேன் மக்கா. ஜெனினுக்கு பாஸ்போட்டு இருக்கு, வேலை இருக்கு. எனக்கு என்ன இருக்கு?" என்றார்.

அண்ணே, அப்பா ஒருநாளும் அந்த எல்லையைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. இப்போது போலீஸ் தாளில் அவர் பெயர் அவர் வாயாலேயே ஏறிவிட்டது. என் இடத்துக்காக அழ வேண்டுமா, அவருக்காக அழ வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

லிஜா


முஹரக்,
9.7.2008

லிஜா,

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். தூதரகத்தில் எழுதி, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கியது. அந்தப் படகில் இருந்தது நான், அட்டை என் தகப்பனாருடையது, அவருக்குத் தெரியாமல் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் பெயரை எழுதவில்லை. ஏட்டிடம் கொடு.

என் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டிய வருஷம் இது. இந்தத் தாளினால் அது நின்றுபோகலாம் என்று தூதரகத்து எழுத்தரே சொன்னார். யோசித்து நாளைக்கு வா என்றார். ஏழு வருஷம் யோசித்தது போதும் என்று சொன்னேன்.

நான் அப்பாவை முட்டாள் என்று நினைத்து ஏமாற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவர் எனக்காக நிவாரண எழுத்தர் முன்னால் நின்றிருக்கிறார். அதற்கப்புறம் எத்தனை வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர்.

இந்தக் கவரையும் அவர் பிரிப்பார். பிரிக்கட்டும். அப்பா, நீங்கள் இதைப் படித்தால், என்னை மன்னியுங்கள்.

ஜெனின்


இனயம்,
29.7.2008

அன்புள்ள அண்ணே,

உன் கவரை அப்பா பிரிக்கவில்லை. நான் டியூஷனில் எட்சன் சாருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தபோது, மேசையில் உப்பு வைக்கும் பரணிக்கு அடியில் ஒட்டியபடியே இருந்தது. அப்பா எதிரில் உட்கார்ந்து அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். நான் உரக்கப் படித்தேன். கடைசி வரி வந்ததும் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார். இருட்டும்வரை வரவில்லை.

போன வாரம் ஏட்டு வந்தார். கடற்படை அப்போது ஸ்டேஷனுக்கு அனுப்பிய பழைய தாளைத் தேடி எடுத்திருக்கிறார். படகில் இருந்த ஏழு பேரையும் எச்சரித்து விட்டுவிட்டார்கள், வழக்கே போடவில்லையாம். நீ இத்தனை வருஷம் பயந்தது வெறும் பெயர்ப் பட்டியலுக்கு. அப்பா சொன்ன தாள் ஒரு கையில், உன் தாள் ஒரு கையில் வைத்துக்கொண்டு அவர் யோசித்தார். கேஸே இல்லாததால் இரண்டையும் கிழித்துவிடலாம், யாருக்கும் தெரியாது, உனக்கும் பாஸ்போர்ட் தொல்லை இல்லை என்று அப்பாவிடம் சொன்னார். அம்மா உடனே கிழிக்கச் சொன்னாள். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

அப்பாதான் வேண்டாம் என்றார். "எனக்க மவன் எழுதினது சரி சார். நான் சொன்னது பொய். அதைக் கிழியுங்க, இதை வையுங்க" என்றார். ஏட்டு அப்படியே செய்தார்.

சுஜின் அண்ணன் நம் வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. உன் தாளினால் தன் பெயரும் கிளம்பும் என்று நினைக்கிறான். நான் சொன்னால் நம்ப மாட்டான். உன் பாஸ்போர்ட் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியவில்லை. நேற்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி போய்ச் சேர வேண்டும். எந்தப் படை என்பது படிப்பு முடிந்த பிறகுதானாம், மதிப்பெண்ணையும் பார்ப்பார்களாம். ஒன்றாம் எண்ணுக்காக இத்தனை பாடு பட்டுவிட்டு, இனி அதற்காக நாலரை வருஷம் படிக்க வேண்டும்.

இந்தக் கவரை இஞ்ஞாசி மாமா வீட்டில் கொடுக்கக் கிளம்பினேன். அப்பா தடுத்து, ஒட்டாமல் கொடு, நானும் ஒரு வரி எழுத வேண்டும் என்றார். அரை மணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே இடம் விடுகிறேன்.

உன் தங்கை,
லிஜா

மகன் ஜெனினுக்கு அப்பா எழுதுவது. சங்கத்தில் உன் பேருக்கு அட்டை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் போட்டோ இரண்டு வேண்டும் என்கிறார்கள். என் போட்டோ ஆகாதாம். சீக்கிரம் அனுப்பு.

ததேயுஸ்